செந்தாடி எங்கே?

பிணத்துக்கு முகம் இல்லை!

முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரி. கைகள் இரண்டும் மடங்கி, விரல்கள் உள்ளே சுருண்டு...

மைமூனா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"வடிவாப் பாத்திட்டீங்களா தங்கச்சி?"

"போதும் சார்... எடுத்துருங்க!"

சார்ஜன்ட் தம்பிமுத்து புகைப்படத்தை மேசை லாச்சிக்குள் தள்ளினார். பக்கத்து உடப்புக் கிராமத்து ஆள். புத்தளம் பொலிஸ் நிலையத்தில் தமிழ் பேசத் தெரிந்த ஒரே ஆம்பிளைக் காக்கிச் சட்டை. ஓய்வு பெறப் போகிற வயது. அதற்காக வாயைக் குறைத்துக்கொள்ளும் உத்தேசம் அவருக்குக் கிடையாது.

"இது யாரு சார்? எங்க... எங்க வீட்டுக்காரவுகளா?"

"சீச்சீ! இது ஹமீட். இந்த ஊர் ட்ரவல்ஸ் முதலாளி."

"அல்ஹம்துலில்லாஹ்!"

வாய் தவறி வந்துவிட்டது. ஒரு மனுசனின் சாவுக்கு நன்றி சொல்லிவிட்டோமே என்று மைமூனா கூசிப் போனாள். ஆனாலும் நெஞ்சுக்குள் ஒரு பாரம் இறங்கியது உண்மை.

"ஆறுதல்படாதேங்கோ தங்கச்சி. இனித்தான் விசயமே இருக்கு."

"என்ன சார்?"

"ஹமீட்டைக் கொன்றது உங்கட மனுசன்!"

கதிரை பின்னால் சாய, மைமூனா எழுந்து நின்றுவிட்டாள்.

"பொய்! அவுக கோழிய அறுக்கச் சொன்னாலே ஆள் வச்சு அறுக்கிறவுக சார்!"

"கோழியிட்ட பாஸ்போர்ட் சிக்கியிருந்தா அவரே அறுத்திருப்பார். இருங்கோ. இருந்து கேளுங்கோ."

மைமூனா உட்கார்ந்தாள். கீழக்கரையிலிருந்து அவள் இத்தனை தூரம் வந்தது இதைக் கேட்கவா?

அவள் கணவன் ஹயாத்து முகம்மது டூரிஸ்ட் விசா எடுத்து இலங்கைக்கு வந்தவன். ஊர் சுற்ற அல்ல. மன்னாரில் வாழ்க்கைப்பட்ட அவனுடைய மாமி, தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து ஒரே மூச்சில் விரட்டப்பட்டு, புத்தளத்துக்கு வந்து, இங்கேயே மௌத்தாகிவிட்டாள். சண்டை ஓய்ந்தபின் அவள் பிள்ளைகளைப் பார்க்கத்தான் வந்தான். வந்தவன் தினமும் மகரிபுத் தொழுகைக்குப் பின் மைமூனாவுக்குப் போன் எடுப்பான். ஒரு வெள்ளிக்கிழமையோடு அந்தப் போன் நின்றது.

நின்றது நின்றதுதான்!

அதன்பிறகு மைமூனா பட்ட பாடு... வாசல்படி தாண்டாதவள் அவசரப் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தாள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விசாவுக்கு விண்ணப்பித்தாள். புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று ஒருதரம், பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்று இன்னொருதரம், எல்லாம் திரும்பி வந்தது. தொலைந்த புருசனைத் தேடிப் போக எந்த நாடும் விசா வைத்திருக்கவில்லை. கடைசியில் அவளும் ஒரு உல்லாசப் பயணியாகத்தான் வந்து இறங்கினாள்.

"சரி, கேளுங்கோ." தம்பிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்கட மனுசன் இன்னும் கொஞ்ச நாள் நிக்க ஆசைப்பட்டு, விசாவை நீட்டச் சொல்லி ஹமீட்டிட்டப் பாஸ்போர்ட்டைக் குடுத்திருக்கிறார். ஓமா?"

"ஆமா. எங்கிட்டயும் சொன்னாக."

"ஹமீட் இண்டைக்கு நாளைக்கு எண்டு இழுத்தடிச்சிருக்கிறான். ஒரு வியாழக்கிழமை கடை வாசல்ல ரெண்டு பேருக்கும் பெரிய சத்தம். 'என் பாஸ்போர்ட்டக் குடு!' எண்டு உங்கட மனுசன் சட்டையில பிடிச்சவராம். பாத்த சனம் இருக்கு."

"அதுக்கு?"

"அடுத்த நாள் வெள்ளி. ஜும்மா நேரம். ஆம்பிளையள் எல்லாம் பள்ளியில. தெருவில காகம்கூட இல்லை. ஹமீட்டின்ர கடையில நெருப்பு! கதவை உடைச்சுப் பாத்தா... இப்ப நீங்க பாத்த படம்."

மைமூனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாங்க கேஸ் அடுப்பு வெடிச்சதெண்டு நினைச்சம். பெண்சாதி ஸஹ்னா வந்து பிணத்தின்ர கையில கிடந்த மணிக்கூட்டைப் பாத்தா. 'இவர்தான்' எண்டு கத்தி விழுந்திட்டா. அண்டைக்கே அடக்கம் பண்ணியாச்சு. உங்கட சனம் மையித்தை வச்சிருக்காதுதானே? ஆனா தங்கச்சி... மண்டையில அடியிருக்கு எண்டு டொக்டர் எழுதியிருக்கிறார். கூரை விழுந்த அடியெண்டு நாங்க விட்டிட்டம். இப்ப நீங்க வந்து, அதே வெள்ளிக்கிழமையில இருந்து என்ர புருசனைக் காணேல்ல எண்டு சொல்றீங்க!"



"அப்ப... நான் வந்திருக்காட்டி..?"

"கேஸ் அடுப்புத்தான் குற்றவாளி!"

தேடி வந்தவளே மாட்டிவைத்துவிட்டாள்!

அவள் அழவில்லை. அழுவதற்கு ஊரில் நிறைய நேரம் கிடைத்திருந்தது. மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சார்... அவுக கொலகாரராவே இருக்கட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உசிரோட இருக்காகளா?"

தம்பிமுத்துவின் வாய் முதல் தடவையாகக் கொஞ்சம் தயங்கியது.

"இருக்கத்தான் வேணும். கொழும்பில கேட்டனான், ஹமீட் ரெண்டு மாசம் நீட்டி எடுத்த அவற்ற விசா நாளண்டைக்கு முடியுது. அதுக்குள்ள நாட்டை விட்டு வெளிக்கிடப் பாப்பார். கடையில இருந்த பாஸ்போர்ட்டெல்லாம் சாம்பல். தன்ர பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டுதான் நெருப்பு வச்சிருப்பார். படம் ஏதும் இருக்கா? எயார்போட்டுக்கு அனுப்ப வேணும்."

மைமூனா போனை நீட்டினாள். வெள்ளைத் தொப்பி. சிரித்த கண்கள். முகத்தை நிறைத்த குட்டைத் தாடி.

"என்ன, தாடி இந்தச் சிவப்பு?"

"மருதாணி சார். மாசம் ஒரு தடவ நான்தான் வச்சு விடுவேன்."

"நல்லது. தூரத்திலயே தெரியும்!" என்றார் தம்பிமுத்து.

*

வெளியே ஆட்டோவில் றம்லா காத்திருந்தாள். ஹயாத்துவின் மாமி மகள். ஹயாத்து தங்கியிருந்தது அவள் வீட்டில்தான்.

"என்ன மச்சி சொன்னாங்க?"

மைமூனா சொன்னாள். றம்லா தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்ட அல்லாஹ்! ஜும்மா முடிய மன்னாருக்குப் போறன் எண்டு பையோட வெளிக்கிட்டாரு. அங்கால அப்பிடியே கொழும்புக்குப் போய் பிளேன் ஏறியிருப்பாரு எண்டுதானே நாங்க நினைச்ச! எனக்கிட்டயும் பாஸ்போர்ட் கிடைக்கல்ல எண்டு சொல்லல்ல."

"ஒங்கள வருத்தப்பட வைக்க வேணாம்னு நெனச்சிருப்பாக. அவுக அப்பிடித்தான்... அந்த ஹமீட் எப்பிடிப்பட்ட ஆளு?"

"மௌத்தானவனைப் பத்திக் கதைக்கக் கூடா." றம்லா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு கதைத்தாள். "நாசமாப் போனவன் மச்சி! பாலாவிப் பக்கத்துப் பொடியன்மாரை டூரிஸ்ட் விசாவுல மலேசியாவுக்கு அனுப்பினான். அங்க போனா வேலை ரெடி எண்டான். போன பொடியன்மார் எல்லாம் பிடிபட்டு அங்க மறியல் கம்பிக்குள்ள கிடக்காங்க. அவங்கட வாப்பாமார் இவன்ட காலை முறிக்கத் தெருத்தெருவாத் தேடினாங்க. அவனுக்கு நெருப்பு வைக்க இந்த ஊர்ல ஆள் வரிசையில நிப்பாங்க!"

"அப்பறம் ஏன் அவுக மேல மட்டும்?"

"அவரு வெளியூரு. வரிசையில நிக்காம முன்னால போயிட்டாரு எண்டு நினைக்காங்க."

ஆட்டோ வாவிக்கரையோரம் திரும்பியது. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. மைமூனா திடீரென்று சொன்னாள்.

"ஹமீட் பொண்டாட்டியப் பாக்கணும்."

"பைத்தியமா? அவ புருசன் மௌத்தாகி இத்தாவுல இரிக்கா! நாலு மாசம் பத்து நாளைக்கு அந்நிய ஆம்பிளை ஒருத்தரும் உள்ள போக ஏலா. பொலிஸ்கூடத் திரைக்கு இங்கால நிண்டுதான் வாக்குமூலம் எடுத்த."

"நான் பொம்பள தானே?"

மைமூனா றம்லாவின் பக்கம் திரும்பினாள்.

"அவுக கடைசியா என்ன பேசுனாக, எப்பிடி இருந்தாக... ஏதாச்சும் தெரிஞ்சிருக்கும். காலுல விழுந்து மாப்புக் கேக்குறேன். கூட்டிட்டுப் போ மச்சி!"

*

சின்ன வீடு. கூடத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டு பச்சைத் திரை. அதற்கு அப்பால் ஒரு வெளிச்சமில்லாத இடம். அதற்கும் அப்பால் சாத்திய அறைக் கதவு.

திரையை விலக்கிக்கொண்டு ஸஹ்னா வந்தாள். வெள்ளை உடுப்பு. நகை இல்லை. வாசனை இல்லை. கண்ணில் சுர்மா இல்லை. புருசன் மௌத்தான பொம்பளை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தாள்.

"ஆரு ராத்தா இவங்க?" என்றாள் றம்லாவிடம்.

றம்லா வாயைத் திறக்குமுன் மைமூனாவே சொன்னாள்.

"ஹயாத்து முகம்மதோட சம்சாரம்."

ஸஹ்னாவின் முகம் ஒரு கணம்... ஒரே ஒரு கணம் வெளுத்தது. பிறகு சரியாகிவிட்டது.

"இரிங்க ராத்தா."

"ஒங்க வீட்டுக்காரவுகள எங்க வீட்டுக்காரவுக கொன்னுட்டாகன்னு பொலிஸ்ல சொல்றாக. நான் நம்பல. ஆனா அப்பிடி நடந்திருந்தா..." மைமூனா குனிந்து அவள் காலைத் தொட்டாள். "என்னைய மன்னிச்சுருங்க!"

"நான் அவரை அண்டைக்கே மன்னிச்சிட்டன்."

"அண்டைக்கேயா?"

"அல்லாஹ்வுட நாட்டம். நீங்க ஊருக்குப் போங்க ராத்தா. இங்க இரிந்து என்ன செய்ய? அவர் எங்கயாவது நல்லா இரிப்பாரு."

எவ்வளவு பெரிய மனசு! றம்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மைமூனாவுக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. தன் புருசனைக் கொன்றவன் நன்றாக இருக்க வேண்டும் என்று எந்தப் பெண் சொல்வாள்?

"துணைக்கு ஒருத்தரும் இல்லையா?"

"எனக்குத் தனிய இரிக்கத்தான் விருப்பம். பிளேன்டீ குடிங்க. ஊத்தி வாறன்."

உள்ளே போய், கோப்பையோடு வந்தாள். நீட்டினாள்.

மைமூனா வாங்கவில்லை.

கோப்பையைப் பிடித்திருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெருவிரல். அதற்கு அடுத்த இரண்டு விரல்கள். நுனியில் மட்டும் செக்கச் சிவப்பு. நகக்கண்ணில் இன்னும் ஈரம் காயாத கோடு!

"கையில என்னது?"

"இதா? மஞ்சள்... கறிக்குப் போட்ட."

மஞ்சளாம்! இருபது வருசமாக மருதாணி கரைத்தவளிடம் மஞ்சள் என்கிறாள்! தேயிலைச் சாயம் விட்டு ஊறவைத்த இலையின் வாசம் அந்த விரல்களிலிருந்து வந்து மைமூனாவின் மூக்கில் ஏறியது.

இத்தாவில் மருதாணியா?

மைமூனா கோப்பையை வாங்கினாள். அப்போதுதான் தன் கையையும் பார்த்தாள்.

பெருவிரல். அடுத்த இரண்டு விரல்கள். அதே இடம். நிறம் மங்கி, நகத்தோடு வளர்ந்து, நுனியில் ஒரு கீற்று மட்டும் மிச்சம். அவள் புருசன் பயணம் கிளம்பும் முன் அவன் தாடிக்கு வைத்துவிட்ட மருதாணி.

அழகுக்கு வைத்தால் உள்ளங்கையில் சிவக்கும். தனக்கே தலைக்குப் பூசினால் கையெல்லாம் சிவக்கும். இப்படி மூன்று விரல் மட்டும் சிவப்பது, புருசனின் தாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, தோலில் படாமல் வைத்துவிடுகிற பெண்சாதிக்குத்தான்!

மைமூனாவின் பார்வை திரையைத் தாண்டி, அந்தச் சாத்திய கதவில் போய் நின்றது.

கத்தவில்லை. தேநீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். ஸலாம் சொன்னாள். வெளியே வந்தாள்.

*

"அவுக உள்ள இருக்காக!"

"ஆரு?"

"எங்க மச்சான்!"

குறுகலான ஒழுங்கையின் நடுவில் நின்று றம்லாவின் கையைப் பிறாண்டாத குறையாகப் பிடித்திருந்தாள் மைமூனா. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"என்ன மச்சி கதைக்கிற?"

"அந்தப் பொம்பள யாருக்கோ தாடிக்கு மருதாணி வச்சிருக்கா! இப்பத்தான் வச்சிருக்கா! அந்த வீட்டுல தாடிக்காரன் யாரு இருக்கா? சொல்லு! ஹமீட்டுக்குத் தாடி உண்டா?"

"இல்ல. அவன் வழிச்சுக்கிட்டுத் திரியிறவன்." றம்லாவின் கண்கள் விரிந்தன. "யா அல்லாஹ்... மச்சி! ஊராக்கள் சாப்பாடு குடுத்து அனுப்புறாங்க. சஹன் தட்டு நிறையப் போகுது. கவலையில இரிக்கிறவ தின்னமாட்டா எண்டு பாத்தா, ஒவ்வொரு நாளும் சஹன் வழிச்சுத் துடைச்சமாதிரித் திரும்பி வருதாம்!"

"ரெண்டு பேரு திங்கிறாக!"

"அப்ப ஹயாத்து மச்சான்... அவனைக் கொன்றுபோட்டு... அவன்ட பொண்டாட்டியோடயா?" றம்லா காறித் துப்பினாள். "சீ!"

மைமூனாவுக்கும் வயிறு எரிந்தது. எரியாமல் இருக்குமா? இன்னொருத்தி கை அந்தத் தாடியில்! ஆனால் அந்த எரிச்சலுக்கு மேலே, அதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு சந்தோசம் பொங்கி வந்தது.

உயிரோடு இருக்கிறான்!

கொலைகாரன். துரோகி. இருக்கட்டுமே! மூச்சு விடுகிறான்!

"பொலிஸுக்குப் போறேன்."

"விசரா உனக்கு? தூக்குல போடுவாங்க!"

"ஒங்க நாட்டுல தீர்ப்பு மட்டுந்தான் எழுதுவாகளாம், தூக்குறதில்லையாம். ஆட்டோக்காரரு சொன்னாரு. இப்ப விட்டா நாளண்ணைக்குப் பறந்துருவாக. அப்பறம் நான் எந்த தேசத்துல தேட? ஜெயில்ல இருந்தா எங்க இருக்காகன்னாவது தெரியும். வருசத்துக்கு ஒரு தடவ டூரிஸ்ட் விசா எடுத்துட்டு வந்து கம்பிக்கு வெளிய நின்னு பாத்துட்டுப் போவேன்!"

புருசனைக் காட்டிக் கொடுக்க எந்தப் பெண்சாதியும் இவ்வளவு ஆசையோடு ஓடியிருக்க மாட்டாள்.

*

"மருதோண்டியை வச்சுக்கொண்டு இத்தா வீட்டுக்குள்ள போகச் சொல்றீங்களா?" தம்பிமுத்து தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இந்த ஊர் என்னைத் தூக்கி வாவிக்குள்ள போடும்! எனக்குப் பென்சன் வேணும் தங்கச்சி."

"நீங்க உள்ள வர வேணாம் சார். பொம்பளப் பொலிஸ் இல்லையா?"

தம்பிமுத்து யோசித்தார். யோசித்துவிட்டுக் கத்தினார்.

"மாக்கிறட்!"

மாக்கிறட் வந்தாள். அன்று காலையில்தான் சிலாபத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த பொலிஸ்காரி. மீன் சந்தைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். அவள் மெதுவாகப் பேசினாலே மூன்று கடை தள்ளிக் கேட்கும். வழியெல்லாம் கேஸ் பைலில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஹமீட் சிரிக்கும் படம் ஒன்று, கரியான படம் ஒன்று.

மாலை அஸர் பாங்கு சொல்லும் நேரம் ஜீப் ஒழுங்கையில் நின்றது. தம்பிமுத்து வாசலோடு நின்றுகொண்டார். மாக்கிறட்டும் மைமூனாவும் உள்ளே போனார்கள்.

திரைக்கு முன்னால் ஸஹ்னா கைகளை விரித்து நின்றாள்.

"இது இத்தா வீடு! வெட்கம் இல்லையா உங்களுக்கு?"

"என்னத்துக்குத் தங்கச்சி வெட்கம்?" என்றாள் மாக்கிறட். "நானும் பொம்பிளை. இவவும் பொம்பிளை. உள்ளுக்கு இருக்கிறதும் பொம்பிளை எண்டா ஒரு பிரச்சினையும் இல்லையே!"

"உள்ள ஒருத்தரும் இல்ல!"

"அப்ப பிறகென்ன? நாங்க போய் ஒருத்தரும் இல்லையெண்டு பாத்திட்டு வாறம்!"

ஸஹ்னாவைத் தோளால் தள்ளிவிட்டு மாக்கிறட் போனாள். கதவில் ஒரு உதை!

கட்டிலில் ஒரு ஆண். அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். வெள்ளைத் தொப்பி. மைமூனா தன் கையால் பொத்தான் தைத்த அதே நீலக்கோட்டுச் சட்டை! காலடியில் மூட்டை கட்டிய பயணப் பை. கன்னத்தோரமாக எட்டிப் பார்த்தது, செக்கச் சிவந்த தாடியின் ஓரம்...

"மச்சான்!"

அவன் திரும்பவில்லை.

"மச்சான்... நான் மைமூனா வந்திருக்கேன்!"

அசைவில்லை.

"நீங்க என்ன செஞ்சிருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. சத்தியமா ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒரே ஒரு தடவ திரும்பிப் பாருங்க மச்சான்!"

அவன் திரும்பினான்.

தாடி சரியாக இருந்தது. தொப்பி சரியாக இருந்தது. சட்டை சரியாக இருந்தது.

முகம்..?

"யேசுவே!" மாக்கிறட் சிலுவை போட்டுக்கொண்டாள். "இது செத்துப்போன ஹமீட்!"

மைமூனாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. யாரோ ஒருவன் தன் புருசனின் சட்டையைப் போட்டுக்கொண்டு முழிக்கிறான். அவ்வளவுதான். அறை முழுக்கத் தேடினாள். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். அலுமாரியைத் திறந்து பார்த்தாள்!

"எங்க? அவுக எங்க?"

மாக்கிறட் ஹமீட்டின் கைக்கு விலங்கு மாட்டினாள்.

"ஹமீட் இங்க இருக்கான்... அப்ப கடையில எரிஞ்சு கெடந்தது..?"

கதவோரத்தில் ஸஹ்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மைமூனா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

*

"சொல்லடா!" தம்பிமுத்துவின் குரலில் இப்போது பகிடி இல்லை.

விலங்கு மாட்டிய கையால் ஹமீட் முகத்தைத் துடைத்தான். மருதாணி கன்னமெல்லாம் இழுபட்டது.

"மலேசியாவுல பிடிபட்ட பொடியன்மாருட ஆக்கள் என்னை விடமாட்டாங்க சேர். என்ட பாஸ்போர்ட்டைக் கோர்ட்டு பிடிச்சு வச்சிட்டுது. எனக்கு வெளிய போக ஒரு பாஸ்போர்ட் வேணும். அந்த நேரம் பாத்து அவர் வந்தாரு. என்ட உயரம். என்ட வயசு. மூக்குக்கூடக் கிட்டத்தட்ட... தாடி மட்டும்தான் வித்தியாசம்."

"தாடி வளர நாள் வேணும். அதுவரைக்கும் ஒளிக்க இடம் வேணும். ஆம்பிளை காலடி வைக்காத இடம்!" என்றார் தம்பிமுத்து.

"ஓம் சேர்... நான் மௌத்தானா ஸஹ்னா இத்தா இரிப்பா. இத்தா அறையை ஆர் சேர் திறந்து பாப்பான்?"

தன் சாவுக்குத் தன் பெண்சாதி காக்கும் துக்கத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறான்! இந்தப் பாவத்துக்கு எந்த ஊரில் என்ன பெயரோ?

"ஊருக்கெல்லாம் விசா எடுத்துத் தாறன் எண்டு திரிஞ்சவன்..." தம்பிமுத்து பையிலிருந்த இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூக்கிப் பார்த்தார். "கடைசியில உனக்கு விசாவே தேவைப்படாத நாடாப் பாத்து வெளிக்கிட்டிருக்கிறாய்!"

மைமூனா எழுந்து வந்தாள். ஹமீட்டின் முன்னால் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று மாக்கிறட் கையை நீட்டித் தடுத்தாள். அவள் அடிக்கவில்லை.

"கலிமா சொன்னாகளா?"

ஹமீட் தலையைக் குனிந்தான்.

"கடைசியா கலிமா சொல்ல விட்டியா? அத மட்டும் சொல்லு!"

"பாஸ்போர்ட் வந்திட்டு, வாங்க எண்டு கடைக்குள்ள கூப்பிட்டன். சந்தோசப்பட்டாரு. ஜும்மாவுக்கு நேரமாகிட்டு, இங்கயே கைகால் கழுவி ஒளுச் செய்துக்கிறன் எண்டாரு... பைப்படியில குனிஞ்சாரு..."

"சொல்லு!"

"பின்னாலயிருந்துதான் அடிச்சன் ராத்தா. அவருக்குத் தெரியவே தெரியா."

மைமூனா அப்போதுதான் அழுதாள். வாசலுக்கு வெளியே கூடிய ஊரெல்லாம் கேட்க, வாய் விட்டு, தலை விரிய அழுதாள். இந்த ஊரே ஜனாஸாத் தொழுகை தொழுது, ஹமீட் என்று பெயர் சொல்லி, மண் தள்ளி மூடியது அவள் புருசனை. அவனுக்காக துஆக் கேட்ட ஒருவருக்கும் அவன் யாரென்று தெரியாது.

*

ஸஹ்னாவையும் ஹமீட்டையும் ஏற்றிய ஜீப் போய் நெடுநேரமாகியும், தம்பிமுத்து றம்லாவின் வீட்டு வாசலில் நின்றார். போக மனம் வரவில்லை. மனசு கேட்காதபோதும் அவருக்கு வாய்தான் முந்தும். இன்றைக்கு அதுவும் ஒத்துழைக்கவில்லை.

"தங்கச்சி... நீதவான் உத்தரவு வந்தா கபுறைத் தோண்ட வேண்டி வரும். வழக்கு முடியிற மட்டும் நீங்க இங்க நிக்க வேணும்."

"நிக்கத்தான் வேணும் சார்." கதவுக்குப் பின்னாலிருந்து மைமூனாவின் குரல் வந்தது. அவள் இனி அவர் முன்னால் வரமாட்டாள். "எனக்கு இத்தா. அன்னிக்கு வெள்ளிக்கிழமையே தொடங்கியிருச்சு. எனக்குத்தான் தெரியல. பஸ்ஸுலயும் பிளேன்லயும் அலைஞ்சுக்கிட்டு இருந்தேன்."

"நாலு மாசத்துக்கு மேல வருமே! உங்களுக்கும் டூரிஸ்ட் விசாதானே?"

"ஆமா சார். அடுத்த மாசம் முடிஞ்சுரும்."

"நான் கொழும்புக்குக் கடிதம் எழுதித் தாறன். நீட்டித் தருவாங்கள்." தம்பிமுத்து பேனையை எடுத்தார். எடுத்துவிட்டு முழித்தார். "ஆனா... என்ன காரணம் எண்டு எழுதுறது? டூரிஸ்ட் விசாவில வந்த ஆள் ஏன் இவ்வளவு காலம் நிக்கிறா எண்டு கேப்பாங்கள். இத்தா எண்டு எழுதினா அங்க ஒருத்தனுக்கும் விளங்காது தங்கச்சி."



கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"சுற்றுலான்னே எழுதுங்க சார்! ஒங்க ஊர்ல நான் பாக்க வேண்டிய எடம் ஒண்ணு பாக்கி இருக்கு... எங்க மச்சானோட கபுறு!"